இன்னொருவர் நம்பரோடு எண்ணூருக்கு ஒரு நாள்

எண்ணூருக்குச் சுற்றிப் பார்க்க யாரும் போவதில்லை. நானும் அதற்காகப் போகவில்லை. இந்த வலைப்பூவில் இதுவரை மலை, அருவி, கோயில், கோயிலுக்குப் பக்கத்தில் கிடைக்கும் இட்லி என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். இந்தப் பயணத்தில் இட்லிகூடச் சரியாக அமையவில்லை. 2008 ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் "உங்கள் கணவரோடு நான் குடும்பம் நடத்தவில்லை" என்று நேரில் சொல்வதற்காகத் தாம்பரத்திலிருந்து எண்ணூர் போய் வந்தேன்.

சிரிக்க வேண்டாம். என் வீட்டுக்காரர் முதலில் சிரித்துவிட்டு, பிறகு அன்று முழுவதும் பேசாமல் இருந்தார்.

நான் சட்டப் புத்தகம் போடும் ஒரு சின்னப் பதிப்பகத்தில் பிழை திருத்துகிறேன். பிரிவு, உட்பிரிவு, விளக்கம், விதிவிலக்கு என்று நாள் முழுக்கக் கண்ணை நோகடித்துக்கொள்கிற வேலை. ஏப்ரலில் பழைய செல்போன் எண்ணை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினேன். ரேஷன் கார்டு நகல், புகைப்படம், நாலு இடத்தில் கையெழுத்து எல்லாம் கொடுத்துத்தான் வாங்கினேன். அந்த வாரமே ஆரம்பித்தது. காலையில் ஒன்பது மணி வாக்கில் ஒரே ஒரு ரிங் வரும், நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமைகூட விடுமுறை இல்லை.

மிஸ்டு கால் நம் ஊரில் அதிசயமா என்ன? காசில்லாமல் சேதி சொல்ல நாமே கண்டுபிடித்த வழி அது. யாரோ நம்பரை மாற்றிப் போடுகிறார்கள் என்று விட்டுவிட்டேன். திருப்பிக் கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை. ஒரு நாள் எரிச்சலில் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மணி அடித்ததும் எடுத்து, "யாருங்க அது?" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. வைத்துவிட்டார்கள். மறுநாள் அதே நேரம், அதே ஒரு ரிங்.

இரண்டு வாரம் போனபின் ஒரு நாள் மணி நிற்காமல் அடித்தது. எடுத்தேன். ஒரு பெண் பேசினார். குரலில் கோபமே இல்லை.

"யம்மா, நீ யாரா வேணா இருந்துட்டுப் போ. அவரு துன்றாரா, தூங்குறாரா, அத்த மட்டும் சொல்லு. நான் வேற இன்னாவும் கேக்கல."

எந்த அவர் என்று கேட்டேன். வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் வேறு ஓர் எண்ணிலிருந்து ஓர் ஆண் பேசினார். பெயர் தணிகாசலம், காசிமேட்டில் மீன் ஏலத்தில் வேலை, காலையில் பேசியது அவருடைய அண்ணி லோகநாயகி. அவர் சொன்னதைக் கேட்டபிறகுதான் என் கையில் இருப்பது யாருடைய நம்பர் என்று எனக்குத் தெரிந்தது.

தணிகாவின் அண்ணன் ஏழுமலை எண்ணூர்க் குப்பத்து மீனவர். போன ஆடி மாதம் இரண்டு பேரோடு ஃபைபர் படகில் கடலுக்குப் போனார். காற்றில் படகு கவிழ்ந்தது. மற்ற இருவரையும் வேறு படகுக்காரர்கள் தூக்கிவிட்டார்கள். ஏழுமலை கிடைக்கவில்லை, உடம்பும் கரை ஒதுங்கவில்லை. செல்போன் அவர் இடுப்பில் இருந்தது. பல மாதம் அந்த நம்பர் "அணைத்து வைக்கப்பட்டுள்ளது" என்று சொன்னது, அப்புறம் அந்தக் குரலும் நின்றுபோனது. ரீசார்ஜ் செய்யாமல் கிடந்த எண்ணைக் கம்பெனி எடுத்துக்கொண்டு, காத்திருக்கவேண்டிய காலம் காத்திருந்துவிட்டு, எனக்கு விற்றது. ஏப்ரலில் ஒரு நாள் லோகா வழக்கம்போல அந்த நம்பரைப் போட்டிருக்கிறார். மணி அடித்திருக்கிறது.

கடலுக்குப் போகும்போது ஏழுமலை போனை ஒரு பலூனுக்குள் போட்டு முடிச்சுப் போட்டு, மேலே பாலிதீன் பை சுற்றி, ரப்பர் பேண்டு போடுவாராம். குப்பத்தில் எல்லோரும் அப்படித்தான். தண்ணீர் போகாது. ஆகவே போன் அடிக்கிறது என்றால் போன் பிழைத்திருக்கிறது, போன் பிழைத்தால் அவரும் பிழைத்திருக்கிறார் என்பது லோகாவின் கணக்கு. அதற்கு மேல் நான் வேறு எடுத்துப் பேசிவிட்டேன், பெண் குரலில். எல்லாம் பொருந்திவிட்டது. எங்கேயோ கரையேறிய மனுஷன் இன்னொருத்தியோடு இருக்கிறார், வீட்டுக்கு வர வெட்கப்படுகிறார்.

"நாங்க சொன்னா நம்ப மாட்டேன்னுது யக்கா," என்றார் தணிகா. "போன்ல நீ சொன்னாலும் நம்பாது. நேர்ல ஒரு தபா வந்து காட்டிட்டுப் போ. காரியம் செய்யவும் உட மாட்டேங்குது."

உடனே சரி என்று சொல்லவில்லை. எனக்கு என்ன தலையெழுத்து என்றுதான் முதலில் தோன்றியது. கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். இந்த எண் முன்பு யாருடையது, எப்போது எடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அதை அந்த அம்மாவிடம் காட்டச் சொல்லி அனுப்பிவிடலாம் என்பது என் யோசனை. பழைய சந்தாதாரர் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று மரியாதையாக மறுத்தார்கள். நியாயம்தான். நாளைக்கு என் விவரத்தை எவனோ கேட்டால் கொடுத்துவிடுவார்களா என்ன?

தணிகா ஏற்கெனவே இதற்கும் மேலே அலைந்திருந்தார். படகு கவிழ்ந்த வாரமே, போன் கடைசியாக எந்த டவரோடு பேசியது என்று தெரிந்தால் தேடும் இடம் குறையுமே என்று கம்பெனி அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். அந்த நம்பர் ஏழுமலை பெயரிலேயே இல்லை. டோல்கேட்டில் ரோட்டோரம் குடை போட்டு விற்றவரிடம் வாங்கிய சிம். ஏற்கெனவே யாரோ ஒருவருடைய நகலைக் காட்டி உயிர் கொடுத்து வைத்திருந்த சிம். கம்பெனிக்கு ஏழுமலை என்று ஓர் ஆளே கிடையாது. முறைப்படி போலீஸ் மூலமாகத்தான் கேட்க வேண்டும், போலீஸ் கேட்பதற்கும் பெயர் ஒத்துப்போக வேண்டும் என்று ஒவ்வொரு மேஜையிலும் ஒவ்வொரு பதில் வாங்கி, அதற்குள் கடலில் தேடுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை.

எங்கள் பதிப்பகத்தின் ஆசிரியர் ஓய்வுபெற்ற வக்கீல். எதைக் கேட்டாலும் பிரிவு எண்ணோடு பதில் சொல்பவர். அவரிடம் போய் எனக்கு இதில் ஏதாவது கடமை இருக்கிறதா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். நம்பர் யாருக்கும் சொத்து இல்லை, அது ஓர் அனுமதி, திரும்ப எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கலாம் என்றார். யாருக்குக் கொடுத்தோம் என்று பழைய ஆளின் வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்து எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அப்புறம் அவர் சொன்னது இப்போதும் என் காதில் இருக்கிறது.

"நீங்க அந்தம்மாகிட்ட உண்மையைச் சொன்னாலும் தப்பில்லை, பொய் சொன்னாலும் தப்பில்லை. சட்டம் இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரலைம்மா. அங்க நீங்க மட்டும்தான் நிக்கிறீங்க."

அதனால்தான் கிளம்பினேன்.

இனி பயணம். தாம்பரத்திலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்பினால் கடற்கரை நிலையத்துக்கு ஏழேமுக்கால் வாக்கில் சேரலாம். ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். அங்கிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் போகும் மின்சார ரயிலில் மாற வேண்டும். இது தாம்பரம் ரயில் மாதிரி பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று வராது, நேரம் விசாரித்துக்கொண்டு போங்கள். நான் முக்கால் மணி நேரம் நடைமேடையில் நின்றேன். ராயபுரம் அடுத்த நிறுத்தம். பழைய தூண்களோடு அழகான நிலையம். நின்று பார்க்கலாம், எனக்கு அன்று பார்க்கிற மனம் இல்லை.

அங்கே இறங்கி, தணிகா வரச் சொன்ன காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஆட்டோவில் முப்பது ரூபாய் கேட்டார்கள், இருபதுக்கு வந்தார்கள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்த புதிது என்பதால் லாஞ்சுப் படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஐஸ் உடைக்கும் சத்தம், டீசல் வாடை, காலடியில் செதிளும் தண்ணீரும். நல்ல செருப்புப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். தணிகா ஏலம் முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். என்னைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்தார், அண்ணன் ஓடிப்போகக்கூடிய ஆளா இவள் என்று ஒரு கணம் அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். எனக்கு நாற்பத்தாறு வயது, சோடாபுட்டிக் கண்ணாடி. மனிதர் நிம்மதியாக டீ சொன்னார்.

டீ குடிக்கும்போதுதான் அந்த ஒரு ரிங் என்ன என்று கேட்டேன். படகு கரைக்கு வரும் வழியில் போனுக்கு டவர் கிடைத்ததும் ஏழுமலை ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவார். வந்துவிட்டேன் என்று அர்த்தம். லோகா பதிலுக்கு ஒரு ரிங் விடுவார். கூடையை எடுத்துக்கொண்டு கரைக்குக் கிளம்பிவிட்டேன் என்று அர்த்தம். ஒன்பது மணி வாக்கில் படகுகள் திரும்பும் நேரம். இப்போதும் ஒன்பது மணிக்கு லோகா ஒரு ரிங் விட்டுவிட்டுக் கூடையோடு கரையில் போய் நிற்கிறார் என்று தணிகா சொன்னார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டேன்.

ஷேர் ஆட்டோ பிடித்து டோல்கேட், அங்கிருந்து எண்ணூர் பஸ். ஆட்டோவில் ஆளுக்கு ஐந்து ரூபாய், பஸ்ஸில் ஆறு ரூபாய். டோல்கேட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, சாலையோரம் பெரிய குடைக்குக் கீழே ஒருவர் சிம் விற்றுக்கொண்டிருந்ததைத் தணிகா கண்ணாலேயே காட்டினார். அதே ஆள்தான். பக்கத்தில் போய் ஒரு சிம் வேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன். போட்டோவும் அட்ரஸ் ப்ரூஃபும் இல்லாமல் இப்போதெல்லாம் கொடுப்பதில்லை, ரொம்பக் கெடுபிடி என்றார். விதி வந்துவிட்டது. ஏழுமலை வாங்கும்போதும் விதி காகிதத்தில் இருந்தது, குடைக்குக் கீழே வரவில்லை, அவ்வளவுதான். அவரிடம் சண்டை போடலாம் என்றுகூட நினைத்தேன். தணிகா தடுத்துவிட்டார்.

"அவன இன்னாத்துக்குத் திட்றது? அன்னிக்கி எங்க கையில ப்ரூஃபு கேட்டிருந்தா எங்கண்ணன் போனே வாங்கியிருக்காது. வூடு எங்க பேர்ல எங்க கீது, ப்ரூஃபு குடுக்க?"

திருவொற்றியூர் தாண்டியதும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. பஸ் அவற்றுக்கு நடுவே ஊர்கிறது. எட்டு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆனது. வலது பக்கம் கடலைத் தடுக்கக் கொட்டிய கருங்கல், இடது பக்கம் ஆலைச் சுவர்கள், தூரத்தில் புகைபோக்கிகள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் முகத்தில் சாம்பல் படியும், கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். வழியில் தணிகா இன்னொன்றும் சொன்னார். ஏழுமலைக்கு ஒரே பெண், நாலாவது படிக்கிறாள். அப்பா வேறு வீட்டில் இருக்கிறார் என்று லோகாவே அவளிடம் சொல்லிவிட்டார். இப்போது அப்பன் பேரை எடுத்தாலே பெண் எழுந்து போய்விடுகிறாள். பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் கேலி பேசுகிறார்களாம்.

குப்பத்தில் வீடு ஒரே அறை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வாசலில் சாம்பல் படிந்த வலை. லோகா வாசலில் நின்றிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், நெற்றியில் பெரிய பொட்டு. அடிக்க வருவாரோ என்று நான் இரண்டடி தள்ளியே நின்றேன். அவர் பாய் விரித்து உட்காரச் சொன்னார். கடையிலிருந்து வாங்கி வைத்திருந்த கலர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். அவர் என்னைப் பார்த்ததும் தணிகா எதிர்பார்த்தது நடக்கவில்லை. என் வயதும் கண்ணாடியும் அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அவர் நம்ப விரும்பினார், அவ்வளவுதான்.

மூலையிலிருந்து ஒரு கட்டைப் பையை எடுத்து என் பக்கத்தில் வைத்தார். உள்ளே துவைத்து மடித்த இரண்டு சட்டை, மூன்று லுங்கி, ஒரு களிம்பு டியூப். உப்புத் தண்ணீரில் காலெல்லாம் வெடித்துப் புண்ணாகும், ராத்திரியில் இதைப் போடாவிட்டால் சொறிந்துகொண்டே இருப்பார், தானாகப் போட்டுக்கொள்ள மாட்டார், நீதான் போட்டுவிட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். மீன்குழம்பில் புளி அதிகம் போடக் கூடாது என்றார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். 

நான் அவர் சொல்கிற ஆள் இல்லை என்று மெதுவாக ஆரம்பித்தேன். லோகா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லன்னு சொல்லாத. நான் பஞ்சாயத்து வெக்க மாட்டேன், போலீஸுக்குப் போ மாட்டேன். வூட்டுக்குக்கூட வர வேணாம் அவரு. உங்கூடவே இருக்கட்டும். கீறாருன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

என் வாழ்க்கையில் இவ்வளவு சுலபமாக ஒருவருக்குச் சந்தோஷம் கொடுக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்ததில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்தால் போதும். ஆசிரியர் சொன்னதுபோல எந்தப் பிரிவும் என்னைத் தடுக்காது. நம்பரை நான் தொடர்ந்து வைத்திருந்தால் தினமும் ஒன்பது மணிக்கு அந்த மனிதர் உயிரோடு இருப்பார். சொல்லிவிடலாம் என்று மெய்யாகவே நினைத்தேன். தணிகா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவரும் அந்த நேரத்தில் அதையே விரும்பினாரோ என்னவோ.

அப்போதுதான் சுவரில் மாட்டியிருந்த ஒரு படச் சட்டத்தைப் பார்த்தேன். புகைப்படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது, எங்களுக்கு அட்டையும் ஆணியும்தான் தெரிந்தன. என் பார்வை போன இடத்தை லோகாவும் பார்த்தார். பெண் செய்த வேலை என்றார். திருப்பி வைத்தால் மறுபடியும் போய்த் திருப்பிவிடுகிறாளாம்.

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. அந்த மனிதர் ஒரு தப்பும் செய்யவில்லை. கடலுக்கு வேலைக்குப் போனார். அவரைச் சுவரைப் பார்த்து நிறுத்தி வைக்க நான் உடந்தையாக இருக்க முடியாது என்று தோன்றியது. அது சரியா தப்பா என்று இன்றைக்கும் ராத்திரியில் யோசிக்கிறேன்.

என் போனை எடுத்து அவரிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் வீட்டுக்காரர் போன் இது இல்லை, அதில் பின்பக்கம் மூடி உடைந்து டேப் ஒட்டியிருக்கும் என்றார். அப்படியானால் அந்தப் போனை நான் எங்கே வைத்திருக்கிறேன் என்று கேட்டார். நம்பர் போனில் இல்லை, உள்ளே இருக்கும் சிம்மில்தான் இருக்கிறது என்றேன். ஏழுமலையின் சிம் அவரோடு போய்விட்டது, கம்பெனிக்காரர்கள் அதே நம்பரை வேறொரு சிம்மில் போட்டு எனக்கு விற்றுவிட்டார்கள் என்று என்னால் முடிந்த அளவு எளிதாகச் சொன்னேன். லோகா சிரித்தார். ஒருத்தர் நம்பரை எப்படி இன்னொருத்தருக்கு விற்பார்கள், வீட்டு ஆளைக் கேட்காமல்? தணிகாவைப் பார்த்து, இவள் நன்றாகப் பேசுகிறாள் என்றார்.

பதில் சொல்வதை விட்டுவிட்டு என் போனின் பின்மூடியைக் கழற்றினேன். சிம்மை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன், நகத்தளவுதான் இருந்தது. பிறகு லோகாவின் போனை வாங்கி, அதிலிருந்த சிம்மைக் கழற்றி, என்னுடையதைப் போட்டு, அவர் இடது கையில் கொடுத்தேன். தணிகாவின் போனை வலது கையில் கொடுத்து, அண்ணன் நம்பரைப் போடச் சொன்னேன். மனப்பாடமாக இருந்தது. பட்டன்களைப் பார்க்காமலேயே போட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

அவருடைய இடது கையில் மணி அடித்தது.

அவர் கட் செய்யவில்லை. ஒரு காதில் அந்த ரிங்கைக் கேட்டுக்கொண்டே, இடது கையில் அதிர்ந்துகொண்டிருந்த தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடித்து அடித்துத் தானாக நின்றது. இன்னொரு முறை போட்டார். மறுபடியும் அவர் கையிலேயே அடித்தது. மூன்றாவது முறை போடவில்லை. போன் இரண்டையும் பாயில் வைத்தார். அழுவார் என்று நினைத்தேன், நான்தான் அழுதேன். அவர் எழுந்துபோய்ச் சுவரில் இருந்த படத்தை எங்களைப் பார்க்கத் திருப்பி மாட்டினார். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். மீசை வைத்த, காது பெரிதான, சாதாரணமான ஒரு மனிதர்.

"ரெண்டு மாசமா இவர நான் திட்டாத திட்டு இல்ல யக்கா," என்றார். "கடல்ல கெடக்குற மனுசன. பொண்ணு ஆடிட்டு வரட்டும், அவ நைனா எங்கயும் ஓடிப் போவலன்னு நான் சொல்லிக்கிறேன்."

பிறகு தணிகாவிடம், ஊர்ப் பெரியவர்களைப் பார்த்து ஒரு நாள் குறித்துவிட்டு வரச் சொன்னார். எதற்கு நாள் என்று அவர் சொல்லவில்லை, தணிகாவும் கேட்கவில்லை. சிம்மைத் திரும்ப என் போனில் போட்டுக்கொண்டேன். நம்பரை அவர் பெயருக்கே மாற்றித் தந்துவிடுகிறேன், இருவரும் கடைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டால் முடியும் என்று சொன்னேன். லோகா வேண்டாம் என்று தலையாட்டினார். அவர் இல்லாத நம்பரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றார்.

கட்டைப் பை பாய் ஓரத்திலேயே இருந்தது. கிளம்பும்போது லோகா தெருமுனை வரை வந்தார். வந்த விருந்தாளியிடம் நாம் எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார்.

"வூடு போய்ச் சேந்ததும் ஒரு மிஸ்டு கால் குடு யக்கா."

தணிகா சட்டென்று என்னைப் பார்த்தார். லோகா தெரிந்து சொன்னாரா, வாய்ப் பழக்கத்தில் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸை நம்பாமல் எண்ணூர் ரயில் நிலையத்துக்கு நடந்தேன். லாரிப் புழுதியில் அரை மணி நடை, ஷேர் ஆட்டோ கிடைத்தால் ஏறிக்கொள்ளுங்கள். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் பிழை திருத்தும் புத்தகங்களை நினைத்துக்கொண்டேன். ப்ரூஃப் கேட்பது நியாயம். பழைய ஆளின் விவரத்தை மறைப்பது நியாயம். டவர் தகவலைக் கண்டவருக்கும் கொடுக்காமல் இருப்பது நியாயம். சும்மா கிடக்கும் எண்ணை இன்னொருவருக்குக் கொடுப்பதும் நியாயம்தான், எண்கள் என்ன மரத்திலா காய்க்கின்றன? இத்தனை நியாயத்துக்கும் நடுவில் ஒரு பெண் இரண்டு மாதம் கூடையோடு கரையில் நின்றிருக்கிறார். விதி எழுதியவர்களுக்குச் சந்தாதாரரைத் தெரிந்திருக்கிறது, அவர் மணி அடித்தால் சோற்றுப் பானையை இறக்கிவிட்டு ஓடும் ஓர் ஆளைத் தெரியவில்லை. கருவி நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. சட்டம் இன்னும் தெருமுனையில் வீட்டு எண்ணை விசாரித்துக்கொண்டிருக்கிறது. எனக்குக் கோபமாக வந்தது, யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். காசிமேட்டைக் காலை எட்டரைக்குள் பார்த்துவிடுங்கள், பிறகு வெயில் தாங்காது. மீன் வாங்குவதானால் ஐஸ் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். டோல்கேட்டிலிருந்து பஸ்ஸில் போனால் கையில் தண்ணீரும் பொறுமையும் வேண்டும். ரயில்தான் மேல். குப்பத்துக்குள் போய்ப் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரியாதீர்கள், அது அவர்கள் வீடு. நாஷ்டாவைக் கடற்கரை நிலையத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். எனக்கு எல்லாம் சேர்த்து நூறு ரூபாய்க்குள் ஆனது.

புது சிம் வாங்குபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முன்பு யாருடைய எண் என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். வேளை தவறாமல் ஒரே ஒரு ரிங் வந்து நின்றால் எரிந்து விழாதீர்கள். நிதானமாகத் திருப்பிக் கூப்பிட்டுப் பாருங்கள். சிம் உங்கள் வீட்டு ஆளின் பெயரில்தான் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள்.

தாம்பரம் வந்து சேர ஏழு மணி ஆகிவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். இந்த நம்பரிலிருந்து ஒரு ரிங் போனால் அந்த வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இப்போது தெரியும். கொடுக்காமல் விட்டால், நான் பத்திரமாகப் போய்ச் சேரவில்லையோ என்று அவர் கவலைப்படுவார். கடலுக்குப் போன ஆளுக்காக அவர் பட்ட கவலை போதும். நம்பரைப் போட்டேன். ஒரு ரிங் கேட்டதும் வைத்துவிட்டேன்.

பதிலுக்கு ஒரு ரிங் வருமோ என்று ரொம்ப நேரம் காத்திருந்தேன். வரவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கும் வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை.